கோவிந்தா சொல்ல ஜி.ஓ. வேண்டுமா?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதனால் இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. இப்போதும் வந்திருக்க மாட்டேன். ஆனால் ஒரே பேச்சை வாட்ஸப்பில், கோயில் கேன்டீனில், பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தில் என்று மாறி மாறிக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பேச்சு இதுதான்: "நம்ம நாட்டுல ஸ்கூல், ஆபீஸ், சட்டசபை எல்லாத்துலயும் ஒரே பிரார்த்தனை கட்டாயமா வைக்கணும் சார். சொல்ல மாட்டேங்கிறவனைச் சொல்ல வைக்கணும். அப்பதான் தேசத்துல ஒற்றுமை வரும்."

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. டெக்சாஸில் பதினைந்து இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்கள். யாருக்காவது வேலை போனால் முதலில் போன் பண்ணுகிறவர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை. நல்ல மனுஷர்கள் சொல்லும் தப்பான விஷயத்துக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாத்திகன் இல்லை. பிறந்தது நாராயணவனம். தெரியாதவர்களுக்கு: திருமலை சீனிவாசனுக்கும் பத்மாவதிக்கும் கல்யாணம் நடந்த இடம் என்று தல புராணம் சொல்லும் ஊர். பெண்ணைப் பெற்ற ஆகாசராஜனின் தலைநகரம். மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கித்தான் கல்யாணம் பண்ணினார், இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஹோம் லோன் கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் வர இதுவும் ஒரு காரணம் :-)

கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலில், அந்தக் கல்யாணத்துக்கு அரைத்தது என்று ஒரு பெரிய திருகையைக் காட்டுவார்கள். ஊரிலேயே சொரக்காய் சுவாமிகளின் ஜீவசமாதி இருக்கிறது. 1902-ல் சமாதியானவர். மெட்ராஸிலிருந்து தமிழர்கள் பஸ் பிடித்து அவரைப் பார்க்க வருவார்கள். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றம் அமலுக்கு வந்தபோது திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் போட்டார்கள். சாமி எதையும் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோயிலில் இரண்டும். வரிசையில் யார் எந்த பாஷையில் கும்பிட்டார், யார் கோவிந்தா போட்டார், யார் வாயை மூடிக்கொண்டு நின்றார் என்று எவரும் ரிஜிஸ்டர் எழுதியதில்லை.

அந்த ஊரிலிருந்து வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தானாக நடந்து வந்து கும்பிட்டால் பிரார்த்தனை மனுஷர்களைச் சேர்க்கும். அரசாங்கம் உத்தரவு போட்டுக் கும்பிட வைத்தால், கும்பிடாதவன் யார் என்று கண்டுபிடிக்க மட்டும்தான் அது உதவும். ஒற்றுமையும் போகும், பக்தியும் போகும்.

வெறும் வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. முதலில் நம் வீட்டு வாசல்

2025-ல் இதே டெக்சாஸில் எஸ்.பி. 10 என்று ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளைப் போஸ்டராக மாட்ட வேண்டும். குறைந்தது 16க்கு 20 அங்குலம், அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் படிக்கத் தெரிய வேண்டும். இதன் ஜோடியாக எஸ்.பி. 11. பள்ளியில் தினமும் பிரார்த்தனைக்கும் வேதப் படிப்புக்கும் நேரம் ஒதுக்குவதா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ண வேண்டும்.

அந்தக் கட்டளைகளில் முதலில் வருவது என்ன தெரியுமா? வேறு தெய்வம் கூடாது, விக்கிரகம் செய்யாதே, அதை வணங்காதே. காலையில் பூஜை ரூமில் பெருமாளுக்குப் பூ வைத்துவிட்டுப் போகும் குழந்தை, எட்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும். அம்மா செய்வது பாவம் என்று சுவர் சொல்கிறது. சுவருக்குப் பணம் கொடுப்பது நம் வரி.

அந்த வாரம் நம் வாட்ஸப் குழு எப்படிக் கொதித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? "இது என்ன நாடு, கான்ஸ்டிடியூஷன் இல்லையா" என்று கேட்டவர்கள் யார்? ஒரே பிரார்த்தனை கட்டாயம் என்று இப்போது சொல்லும் அதே ஆட்கள்தான். சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், மதமே இல்லாதவர்களோடு இந்துக்களும் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் சில பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் நீதிபதி தடை போட்டார், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "இது மதம் இல்லை, எங்கள் நாட்டின் வரலாறு, பாரம்பரியம்" என்றார்கள். எங்கோ கேட்ட குரல் மாதிரி இல்லை? "அசதோ மா மதம் இல்லை சார், கலாசாரம்" என்று நீங்கள் சொல்லும் அதே ராகம். கேந்திரிய வித்யாலயா காலைப் பிரார்த்தனை பற்றிய வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது பெரிய அமர்வு பார்க்க வேண்டிய கேள்வி என்று அனுப்பிவைத்தது. அந்த உபநிஷத வாக்கியம் உயர்ந்தது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. உயர்ந்ததா என்பதல்ல கேள்வி. சொல்ல விரும்பாத பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 2000 செப்டம்பர் 14, வாஜ்பாய் வந்திருந்த சமயம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முதல்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை. செய்தவர் ஒஹாயோ பார்மா நகரத்துக் கோயில் அர்ச்சகர் வேங்கடாசலபதி சமுத்ராலா. பேரைப் பாருங்கள், நம் மலை சாமியே நேரில் போன மாதிரி! உடனே இங்குள்ள கிறிஸ்தவ அமைப்பு ஒன்று முகம் சுளித்து அறிக்கை விட்டது. 2007 ஜூலை 12, செனட்டில் ராஜன் ஜெட் பிரார்த்தனை சொல்ல எழுந்தார். பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் கத்த ஆரம்பித்தார்கள். போலீஸ் கைது செய்துதான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்றைக்கு நமக்கு வலித்தது. நியாயமான வலி. அந்த வலி இங்கே சிறுபான்மையாக இருக்கும்போது மட்டும் வரும், ஊரில் ஏரோப்ளேன் இறங்கியதும் போய்விடும் என்றால், அதற்குக் கொள்கை என்று பெயர் இல்லை. சௌகரியம் என்று பெயர்.

2. "ஒரே பிரார்த்தனை இருந்தா ஒற்றுமை வரும்"

வருமா? பாகிஸ்தானின் இரண்டு பாதிகளிலும் பெரும்பான்மைக்கு ஒரே தொழுகை, ஒரே திசை. 1971-ல் என்ன ஆனது?

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் எங்கள் மாநிலத்தையே பாருங்கள். தெலுங்குத் தாயை வாழ்த்தும் பாட்டை 1942-ல் எழுதியவர் சங்கரம்பாடி சுந்தராசாரி. திருப்பதிக்காரர். டங்குடூரி சூர்யகுமாரி பாடி ஊரெல்லாம் பரவியது. நான் தமிழ்ப் பையன், பள்ளிக்கூடத்தில் அதைத் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். என் தமிழ் ஒன்றும் குறைந்துபோகவில்லை. பாட்டு அவ்வளவு அழகு. ஆனால் அதே பாஷை பேசி அதே பாட்டைப் பாடியவர்கள்தானே இரண்டாகப் பிரிந்தார்கள்? எங்களுக்குத் தெலுங்குத் தாய் வேண்டாம், தெலங்கானா தாய் வேண்டும் என்றார்கள். 2014 ஜூன் 2-ல் தனி மாநிலம், 2024-ல் அவர்களுக்கென்று தனி மாநிலப் பாட்டு. வேலை, தண்ணீர், பணம், மரியாதை ஆகியவற்றில் இருந்த கோபத்தைப் பாட்டு மூடி மறைக்கவில்லை. எந்தப் பாட்டாலும் முடியாது.

ஒற்றுமை இல்லாத இடத்தில் பிரார்த்தனையைக் கட்டாயமாக்குவது, எலும்பு முறிந்தவனுக்கு விபூதி பூசி ஓடச் சொல்வது மாதிரி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் புத்தூர். கட்டுப் போடுகிறவர்களைக் கேளுங்கள். தொளதொளவென்று கட்டினால் எலும்பு சேராது, ரொம்ப இறுக்கினால் கை செத்துப்போகும்.

3. கடவுளுக்கே ஓட்டெடுப்பு நடந்த நாள்

இது பலருக்குத் தெரியாது. 1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் முகப்புரையை விவாதிக்கிறார்கள். எச்.வி. காமத் எழுந்து, "கடவுளின் பெயரால்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். யாருக்கு என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் அஸ்ஸாமிலிருந்து வந்த ரோஹிணி குமார் சௌதுரி, தாங்கள் காமாக்யா தேவியின் பூமிக்காரர்கள் என்று சொல்லி, கடவுள் என்றால் போதுமா, தேவியின் பெயர் வேண்டாமா என்று கேட்டார். பார்த்தீர்களா? மத விரோதி யாரும் வரவில்லை, நாத்திகர் யாரும் எழவில்லை. உள்ளே இருக்கும் பக்தர்களுக்குள்ளேயே முதல் கேள்வி வந்துவிட்டது!

திருவாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை எழுந்து, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் ஆகிவிடும் என்றார். குன்ஸ்ரு, எல்லோருக்கும் நம்பிக்கைச் சுதந்திரம் தருகிறோம் என்று எழுதிவிட்டு இதைச் சேர்ப்பது பொருந்தாது என்றார். பூர்ணிமா பானர்ஜி, கடவுளை ஓட்டுக்கு விடாதீர்கள் என்று காமத்தைக் கெஞ்சாத குறை. காமத் கேட்கவில்லை. எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. நம் வரலாற்றில் இது கறுப்பு நாள் என்று காமத் வருந்தினார். நான் அப்படி நினைக்கவில்லை. 41 ஓட்டு வாங்கி ஜெயிக்கவோ தோற்கவோ வேண்டிய நிலைமையில் சாமியைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான் தப்பு.

அதே ஆட்கள் பதவிப் பிரமாணத்துக்கு என்ன செய்தார்கள்? இரண்டு கதவு வைத்தார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். தமிழ்நாட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம். ஆண்டவன் மீது ஆணையிட்டவர்களும் ஆண்டார்கள், உளமார என்று சொன்னவர்களும் ஆண்டார்கள். எந்தக் கதவு வழியாக வந்தாலும் நாற்காலி ஒன்றுதான், அதிகாரமும் ஒன்றுதான். இதை விட நாகரிகமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

4. "காந்தியே பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினாரே?"

நடத்தினார். பொதுவாழ்க்கையில் பிரார்த்தனை வேண்டும் என்று அவரை விட அழுத்தமாகச் சொன்னவர் கிடையாது. 1948 ஜனவரி 30 அன்று செத்ததும் பிரார்த்தனைக்கு நடந்து போகிற வழியில்தான். ஆனால் அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1947 ஏப்ரல், டில்லி, துப்புரவுத் தொழிலாளர் காலனியில் வால்மீகி கோயில். பஞ்சாப் எரிந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தில் குரான் வாசகம் ஆரம்பிக்கும்போது ஒருவர் எழுந்து, இது கூடாது என்கிறார். கூட்டத்துக்குக் கோபம், அந்த ஆளைத் தூக்கி வெளியே போடப் பார்க்கிறது. காந்தி என்ன செய்தார்? ஆளை வெளியேற்றச் சொல்லவில்லை. பிரார்த்தனையை நிறுத்தினார். மறுநாளும் எதிர்ப்பு வந்தது, மறுநாளும் நிறுத்தினார். எதிர்க்க ஆள் இல்லாத நாளில்தான் முழுதாக நடத்தினார்.

நூற்றுக்கணக்கானவர்கள் விரும்பிய பிரார்த்தனையை ஒரே ஒருவருக்காக நிறுத்தினார். அதே சமயம் குரானை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லுங்கள் என்பதற்கும் மசியவில்லை. தன் பிரார்த்தனையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, மற்றவர் மேல் திணிக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! உங்கள் "சொல்லாதவனைச் சொல்ல வைக்கணும்" எங்கே, இது எங்கே?

5. பாட்டை வைத்துச் சண்டை

இந்த வியாதி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தம் இல்லை. தமிழ்நாட்டையே எடுங்கள். கடவுள் இல்லை என்று ஆரம்பித்த இயக்கத்தின் ஆட்சியில்தான் 1970-ல் மனோன்மணியம் சுந்தரனார் பாட்டு அரசு விழாக்களின் பிரார்த்தனைப் பாடல் ஆனது. நல்ல பாட்டு, எம்.எஸ்.வி. மெட்டு, கேட்டால் எனக்கு இந்த ஊரிலும் உடம்பு சிலிர்க்கும். பிறகு என்ன நடந்தது?

2018 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டில் பாட்டு ஒலித்தபோது காஞ்சி விஜயேந்திரர் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாடே இரண்டு பட்டது. அது தொடர்பான போராட்ட வழக்கு 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் போராடியவர்கள் மேல் இருந்த வழக்கையும் ரத்து செய்தார், இது பிரார்த்தனைப் பாட்டு, கீதம் அல்ல, எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை என்றும் சொன்னார். இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். சில நாளிலேயே, டிசம்பர் 17, அரசு ஆணை வந்தது. இனி மாநிலப் பாடல், 55 வினாடி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், உடல் ஊனமுற்றோருக்கு விலக்கு. பிரார்த்தனை ஜி.ஓ. ஆனது.

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. 2024 அக்டோபரில் ஆளுநர் கலந்துகொண்ட விழாவில் அந்தப் பாட்டில் ஒரு வரி காணாமல் போனது, ஒரு வாரம் ரகளை. 2025 ஜனவரியில் தேசிய கீதம் ஆரம்பத்தில் பாடவில்லை என்று ஆளுநர் சட்டசபையை விட்டே வெளியேறினார். ஒற்றுமைக்காக எழுதிய இரண்டு பாட்டுகள். எதை முதலில் பாடுவது என்பதில் ஒற்றுமை இல்லை!

வந்தே மாதரம் கதை இன்னும் தமாஷ். ஆசிரியர் தேர்வில் ஒருவருக்கு ஒரு மார்க் போய்விட்டது. அந்தப் பாட்டு எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது கேள்வி. அவர் வங்காளம் என்று எழுதினார், விடைத்தாள் சமஸ்கிருதம் என்றது. மார்க் கேட்டு கோர்ட்டுக்குப் போனார். 2017 ஜூலை 25 தீர்ப்பில் அவருக்கு மார்க் கிடைத்தது, கூடவே தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாம் வாரம் ஒருமுறை அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. ஆனால் நீதிபதி முரளிதரன் ஒரு வரி சேர்த்தார்: தகுந்த காரணம் இருந்து பாட இயலாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த ஒரு வரிதான் மருந்து. மீதியெல்லாம் அனுபானம்.

6. பாடாத மூன்று பிள்ளைகள்

கேரளாவில் மூன்று சகோதரப் பிள்ளைகள், யெகோவா சாட்சிகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். அவர்கள் மதத்தில் அது கூடாது. வருஷக்கணக்கில் யாருக்கும் இது பிரச்சினையாக இல்லை. ஒருநாள் ஒரு எம்.எல்.ஏ. கவனித்தார், சட்டசபையில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், அவமரியாதை எதுவும் இல்லை என்று கமிஷனே சொன்னது. அப்படியும் 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது.

1986 ஆகஸ்ட் 11, உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் எங்கள் ஆந்திராக்காரர் ஓ. சின்னப்ப ரெட்டி. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்பைத்தான் சொல்கின்றன, அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்ற பொருளில் முடித்தார். அந்த மூன்று பிள்ளைகளால் தேசம் பலவீனமாகிவிட்டதா? தேசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நீக்கியவர்களின் மானம்தான் போனது.

என் வகுப்பிலும் சரஸ்வதி ஸ்லோகம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கும் பையன் ஒருவன் இருந்தான். டிரில் மாஸ்டர் பிரம்போடு வரிசையில் நடப்பார், ஷூ அழுக்கைப் பார்ப்பார், நகம் பார்ப்பார், அவன் உதட்டை மட்டும் பார்க்க மாட்டார். அவருக்கு அரசியல் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிள்ளைகளைத் தெரியும்.

7. நம்மிடம் இருப்பதே போதும்

"அப்ப பொதுவா எதுவுமே வேண்டாமா?" என்பீர்கள். ஏற்கெனவே இருக்கிறது சாமி, நம் கையிலேயே இருக்கிறது.

தேசிய கீதம் என்ன? அதுவே ஒரு பிரார்த்தனைதான். 1911-ல் முதலில் பாடப்பட்டு, பிரம்ம சமாஜப் பத்திரிகையில் தோத்திரமாக அச்சானது. தாகூர் அதை ஆங்கிலத்தில் எழுதியது 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளியில், அப்போது எங்கள் சித்தூர் மாவட்டம். மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ். வங்காளப் பாட்டு, ராயலசீமை ஊர், ஐரிஷ் கை. அந்தப் பாட்டில் வாழ்த்தப்படுபவருக்கு உருவம் இல்லை, ஊர் இல்லை, நாமம் இல்லை. பெருமாள் என்று நினைத்துப் பாடலாம், அல்லா என்று நினைக்கலாம், இந்த மண்ணே என்று நினைக்கலாம்.

பள்ளி உறுதிமொழி இருக்கிறது. இந்தியா என் நாடு என்று ஆரம்பிக்கும், நாம் எல்லோரும் சொன்னதுதான். அதை 1962-ல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். அப்போது விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரி. கஜானா கணக்குப் பார்த்த மனுஷர், ஒரு சொல் வீணாக்கவில்லை. அதில் கடவுள் இல்லை. அதனால் யாருக்காவது கடவுள் நம்பிக்கை குறைந்ததா?

அமெரிக்கக் கதையோடு ஒப்பிடுங்கள். இங்குள்ள கொடி உறுதிமொழியை 1892-ல் எழுதியவர் ஒரு பாதிரியார், பிரான்சிஸ் பெல்லாமி. அவரே கடவுளைச் சேர்க்கவில்லை. 1954-ல் அரசாங்கம் சேர்த்தது. அன்றிலிருந்து கோர்ட்டு வாசலில் அதற்கும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

டெக்சாஸில் நான் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2003 முதல் பள்ளிகளில் உறுதிமொழிக்குப் பிறகு ஒரு நிமிஷம் மௌனம். என் மகள் கோவிந்தா என்று நினைத்துக்கொள்வாள். பக்கத்து மேஜைப் பிள்ளை இயேசுவை நினைக்கும். இன்னொன்று மத்தியானச் சாப்பாட்டை நினைக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

"அவங்க மட்டும் பண்ணலாமா?"

இது வரும் என்று தெரியும். யார் பண்ணினாலும் இதே பதில்தான். அரசுச் சம்பளம் வாங்கும் எவரும், எந்த மதப் பிரார்த்தனையையும் கட்டாயமாக்கக் கூடாது. மசூதியோ, சர்ச்சோ, கோயிலோ, உள்ளே அவரவர் விதி. எங்கள் கோயிலில் தீர்த்தம் வாங்க வந்தவர் எங்கள் முறைக்கு மரியாதை தரத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடமும் தாலுகா ஆபீஸும் கோயில் அல்ல. அங்கே வருகிறவன் கும்பிட வரவில்லை. படிக்க வருகிறான், சர்டிபிகேட் வாங்க வருகிறான்.

அரசாங்கத்துக்குக் கோயில் வாசலில் ஒரு வேலையும் இல்லையா என்றால், உண்டு. எங்கள் ஜில்லா மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தபோது 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தி வைத்திருந்தவர்களுக்குக் கோயில் கதவு திறந்தது. அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. கதவைத் திறப்பது அதன் வேலை. வாயைத் திறக்க வைப்பது அதன் வேலை அல்ல. எங்கள் மலை சாமியின் லட்டு 2024 செப்டம்பரில் அரசியல் மேடைக்கு வந்தபோது, தெய்வங்களையாவது அரசியலிலிருந்து தள்ளி வையுங்கள் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. பிரார்த்தனையை அரசாங்கத்தின் கையில் கொடுத்தால் லட்டுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். ஆட்சி மாறும்போதெல்லாம் சாமியின் வரியும் மாறும். இந்த வருஷம் இந்த வரி கட், அடுத்த வருஷம் அந்த வரி சேர்ப்பு.

ஆகவே நண்பர்களே, அடுத்த விருந்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க சொல்ற சட்டத்தை அப்படியே டெக்சாஸுக்குக் கொண்டு வரலாமா? சாமி பேரை மட்டும் மாத்திக்கலாம்." சம்மதம் என்றால் அவர் நேர்மையானவர், மேலே பேசலாம். சம்மதம் இல்லை என்றால் அவர் கேட்பது பிரார்த்தனையும் இல்லை, ஒற்றுமையும் இல்லை. கூட்டத்தில் தான் பெரிய பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்கி: திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் என் பக்தியைச் சந்தேகப்பட்டுத் திட்ட வேண்டாம். வட்டி கட்டும் சாமிக்கும் ஈ.எம்.ஐ. கட்டும் பக்தனுக்கும் நடுவில் ஆயிரம் இருக்கும். அதில் அரசாங்கம் எதற்கு?